கதிரொளியும் செரிமானமும்

பசி வயிற்றில் தோன்றுவது. ஒளி கண்ணிற் புகுவது. இவ்விரண்டற்கும் யாது தொடர்பு என வினவுவார் உளர். ஈராண்டுகட்கு முன் யாமும் அவ்வாறே வினவியிருப்போம். சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியிற் பிறந்து வளர்ந்தார்க்குக் கதிரவன் என்றவுடன் நினைவிற்கு வருவது வெம்மையேயன்றி நன்மை அன்று. பங்குனி பிறந்துவிட்டால் எம் பக்கத்து மாந்தர் காலை பத்து மணிக்கே நிழலை நாடுவர். நண்பகலிற் கதவடைத்து இருளிற் கிடப்பர். அத்தகைய நாட்டில் இருந்துகொண்டு, "வெளிச்சத்திற்கு வாருங்கள், வயிறு நலம்பெறும்" என்று கூறுவது நகைப்பிற்கு இடமாகலாம். எனினும் எம் இல்லத்தில் நேர்ந்த துன்பமொன்று இப்பொருளை ஆராயுமாறு எம்மைத் தூண்டிற்று. யாம் மருத்துவம் பயில்வோமல்லேம். இலக்கணமும் இலக்கியமும் பயில்வோம். ஆதலின் மயங்கக் கூறல் முதலாய குற்றங்கள் காணப்படின் கற்றோர் பொறுப்பாராக.

எம் தந்தையார் பள்ளிபாளையத்தை அடுத்ததோர் ஊரில் விசைத்தறி ஓட்டுபவர். ஒரு வாரம் பகல், மறு வாரம் இரவு என முறைமாறிப் பன்னிரண்டு மணி நேரம் தறியின்முன் நிற்பது அவர் தொழில். நெடுநாளாக அவருக்கு நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் இருந்தன. இரவு முறையில் பன்னிரண்டு மணிக்குப் புரோட்டாவும், விடியுமுன் வெறும் வயிற்றில் இரண்டு குவளைத் தேநீரும் உட்கொள்வார். வீடு திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். அக்காலை எம் ஊருக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் செந்நிற ஒளி உமிழும் விளக்கொன்றைக் காட்டி, நாடோறும் அரைமணி நேரம் வயிற்றின்மீது படுமாறு வைப்பின் குடற்புண் தானே ஆறுமென்று உரைத்தார். மாதத் தவணையில் அவ்விளக்கு எம் வீடு புகுந்தது. எம் அன்னையார் மாலைதோறும் அதனை ஏற்றிவைப்பார். வழிபாட்டிற்கு ஏற்றும் மெழுகுவத்திக்குக்கூட அத்துணைப் பணிவு காட்டியிருப்பாரோ என்பது ஐயம். ஒரு திங்கள் கழிந்தது. ஒருநாள் தந்தையாரின் மலம் தார்போற் கறுத்துக் கழிந்தது. மறுநாட் காலை முகங்கழுவும்போது மயங்கி வீழ்ந்தார்.

மருத்துவமனையிற் குழாய் செலுத்திப் பார்த்தபோது முன்சிறுகுடலிற் புண் இருந்து குருதி கசிவது தெரியவந்தது. மலம் கறுத்தல் என்பது உள்ளே குருதி ஒழுகுதற்கு அடையாளம் என்பதை அன்றுதான் யாம் அறிந்தோம். முன்னரே அறிந்திருப்பின் அத்திங்களை இழந்திரோம். இரைப்பையிற் குடிகொள்ளும் திருகு வடிவான நுண்ணுயிரி ஒன்றே இத்தகைய புண்களுட் பெரும்பாலனவற்றிற்குக் காரணம் என்பதை 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்து நகரிற் பாரி மார்ஷல், இராபின் வாரன் என்னும் இருவர் கண்டனர். 2005-இல் அவர்கட்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. எம் தந்தையாருக்கும் அவ்வுயிரியே பகையாயிருந்தது. பதினான்கு நாள் மருந்துண்டு தேறினார். விளக்கின் கதையைக் கேட்ட மருத்துவர் சினவாது சிரித்து, "இவ்விளக்கு கிருமியைக் கொல்லாது. ஆயின் ஒளிக்கும் வயிற்றுக்கும் உறவே இல்லையென்றும் எண்ணிவிடாதீர்கள்" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

ஒளியை மருந்தாகக் கொள்ளுதல் பொய்யென்று யாம் கூறவில்லை. தோலைப் பற்றிய காசநோய்க்கு ஒளிச்செறிவால் மருத்துவம் செய்த டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் பின்சென் 1903-இல் நோபெல் பரிசு பெற்றார். செரிமான உறுப்புக்களுள் ஒன்றாகிய ஈரலைச் சார்ந்தும் ஐயமற்ற ஒளிமருத்துவம் ஒன்று உண்டு. அது பச்சிளங் குழந்தைகளின் மஞ்சட்காமாலைக்கு உரியது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ரோச்போர்டு மருத்துவமனையில், குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குக் கொண்டுசென்ற செவிலி ஒருவர், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் மங்கியிருப்பதையும் துணி மறைத்த இடத்தில் அது மங்காதிருப்பதையும் கண்டார். அதன் வழியே ஆராய்ந்த மருத்துவர் 1958-இல் தம் முடிபை வெளியிட்டனர். நீல ஒளி தோலிலுள்ள பித்தமஞ்சளின் உருவை மாற்ற, முதிராத ஈரலின் உதவியை வேண்டாமலே அது பித்தநீரோடு குடலுக்குச் சென்று வெளியேறிவிடுகின்றது. எம் ஊர்ப் பாட்டிமார் பிறந்த குழந்தையை இளவெயிலிற் காட்டுவதை யாம் கண்டிருக்கின்றோம். ஆயினும் உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்த குழந்தையை வாசலில் வைத்துக்கொண்டிருப்பது பெரும் பிழை. மருத்துவமனையின் நீலவிளக்கே அதற்கு உரியது.

நிற்க. வளர்ந்தோர் வயிற்றுக்கு ஒளி செய்யும் உதவி வேறு வகையது. அது நேரே வயிற்றின்மேற் படுவதன்று, கண்வழிச் செல்வது. நம் முன்னோர் ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் பொழுது வகுத்த அவர்கள் குடலுக்குப் பொழுது வகுத்திலர், இயற்கை வகுத்திருக்கின்றது. கண்ணின் உட்டிரையிற் பொருள்களைக் காண்பதற்கு உதவும் அணுக்களையன்றி, வெளிச்சம் உண்டா இல்லையா என்பதைமட்டும் அளக்கும் அணுக்கள் சில உள. இவை சிறப்பாக நீல ஒளிக்கு இணங்குவன. ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டை ஒட்டியே இவற்றின் இயல்பு விளங்கிற்று. இவை கண்ட செய்தி, மூளையின் அடியிற் கண்ணரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்கு மேலுள்ள மிகச் சிறிய நரம்பணுத் திரளைச் சென்றடையும். அதுவே உடலின் தலைமைக் கடிகாரம். உயிரணுவினுள் அக்கடிகாரம் இயங்கும் முறையைப் பழ ஈயிடத்து ஆராய்ந்த ஹால், ரோஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இங்கு வியப்பிற்குரியது ஒன்று உண்டு. கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. ஈரலிலும் கணையத்திலும் குடலிலும் தனித்தனியே உண்டு. தலைமைக் கடிகாரத்தை முடுக்குவது ஒளி. ஈரல் குடல்களின் கடிகாரத்தைப் பெரிதும் முடுக்குவது உணவு வந்துசேரும் வேளை. ஓர் ஆலையில் வாயிலிலுள்ள சங்கு ஒரு நேரத்தில் ஊத, உள்ளிருக்கும் மேற்பார்வையாளர் கைக்கடிகாரம் வேறொரு நேரத்தைக் காட்டுமாயின் தொழிலாளர் யாது செய்வர்? நள்ளிரவில் உண்பவன் வயிற்றின் நிலை அதுவே. கண் "இரவு" என்கின்றது. வாய் "பகல்" என்கின்றது.

பொழுதிற்கேற்ப வயிற்றின் தொழில் மாறுவதைச் சுருங்கக் கூறுவோம். காலையில் உண்ட கட்டியுணவு இரைப்பையைவிட்டு விரைந்து நீங்கும். இரவில் உண்ட அதே உணவு அங்கே நெடிது தங்கும். பெருங்குடல் உறக்கத்தில் ஏறத்தாழ ஓய்ந்திருந்து, விழித்தெழுந்தவுடன் கிளர்ச்சி பெறும். காலையுணவு இரைப்பையிற் சென்றதும் அக்கிளர்ச்சி மிகும். இரைப்பையின் புளிநீரோ முன்னிரவிலும் நள்ளிரவை ஒட்டியும் மிகுதியாகச் சுரக்கும். உறங்குங்கால் உமிழ்நீர் குறையும், விழுங்குதலும் அருகும். ஆகவே நிறைவயிற்றோடு படுக்கையிற் சாய்பவனுக்கு நெஞ்செரிச்சல் உண்டாதல் இயல்பே.

ஒளியே செரிமானத்தை மாற்றவல்லது என்பதை நேரே ஆராய்ந்தவர் ஜப்பான் நாட்டினர். 2003-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது. அதற்கு உடன்பட்டோரைக் காலை ஏழு மணி முதற் பிற்பகல் மூன்று மணி வரையில் ஒரு நாள் 80 லக்ஸ் அளவான மங்கொளியிலும், பிறிதொரு நாள் 5,000 லக்ஸ் அளவான பேரொளியிலும் இருக்கச் செய்தனர். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் வீழும் வெளிச்சத்தை அளக்கும் அளவை. பின்னர் மாலையுணவு அளித்து மூச்சுக்காற்றைச் சோதித்தனர். மாப்பொருள் சிறுகுடலில் முற்றும் ஏற்கப்படாது பெருங்குடலுக்குச் செல்லின், ஆங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து நீரகவாயுவை எழுப்பும். அவ்வாயு குருதியிற் கலந்து மூச்சில் வெளிவரும். மங்கொளியில் பகல் கழித்த நாளில் இரவு மூச்சில் இவ்வாயு மிகுந்திருந்தது. பேரொளியிற் கழித்த நாளில் அது குறைந்திருந்தது. இரைப்பையின் மின்னசைவும் பேரொளி நாளிலேயே வலிமையுற்றிருந்தது. அஃதாவது, பகலில் கண் கண்ட வெளிச்சம் அன்றிரவு உண்ட சோற்றின் செரிமானத்தை மாற்றியது. மாலைநேரத்து ஒளியையும் அந்நாட்டினர் ஆராய்ந்தனர். ஆங்கு முடிவு தலைகீழாயிற்று. மாலையில் விளக்கொளி மிகுந்தபோது இரவுணவின் மாப்பொருட் செரிமானம் குன்றியது; மங்கிய ஒளியில் அது நன்கு நடந்தது. இவை சிலரைக் கொண்டு செய்த சிறிய சோதனைகளே. நோயைத் தீர்த்ததாக அவற்றைச் செய்தோரும் கூறவில்லை. எனினும் பகலில் வெளிச்சமும் இரவில் இருளும் வேண்டும் என்னும் திசையை அவை காட்டுகின்றன.

இனி, எம் நாட்டை நோக்குவோம். வெயில் எரிக்கும் இச்சமவெளியில் ஒளிக்குப் பஞ்சமா என்பீர்கள். உச்சிவெயில் 1,00,000 லக்ஸை எட்டும் என்பது உண்மையே. ஆயின் அவ்வொளியில் இருப்பவர் யார்? பன்னிரண்டு மணி நேரம் தகரக் கொட்டகையுட் குழல்விளக்கின் கீழ் நிற்கும் தறிக்காரருக்கும், சிறிய சாளரமுடைய அறையில் குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும், தாள் திறவாத கணக்கெழுத்தருக்கும் கிட்டுவது சில நூறு லக்ஸே. எம் கல்லூரி விடுதி மாணவர் நிலையும் இதுதான். பகலிற் கட்டிடத்துள், இரவிற் செல்பேசியின் முன். ஈண்டு யாம் மகிழ்ந்து கூறத்தக்க செய்தி ஒன்று உண்டு. வெட்டவெளியிலுள்ள மரநிழலில்கூட வானொளியின் அளவு பல ஆயிரம் லக்ஸாகும். வேப்பமரத்தடிக் கயிற்றுக்கட்டிலில் காலையில் அரைமணி நேரம் அமர்ந்து பழையசோறு உண்பவர், வீட்டிலுள்ள குழல்விளக்கு தராத ஒளியைப் பெறுகின்றார். கண்ணிற்கு வேண்டுவது வானத்து வெளிச்சம். வெயிலிற் காய்தல் அன்று. கதிரவனை நேரே நோக்குவது கண்ணைக் கெடுக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

வைட்டமின் டி என்னும் சத்து வேறொரு கணக்கு. உணவிலுள்ள சுண்ணச்சத்தைக் குடல் ஏற்பதற்கு இன்றியமையாத அச்சத்தைத் தோல் உண்டாக்குவது, வெயில் ஏறியபின் வரும் கட்புலனாகாக் கதிரால். அதற்கு இளங்காலை உதவாது, கண்ணாடிச் சாளரமும் உதவாது. முற்பகலில் சிறிதுநேரம் கைகால்களில் வெயில் படவேண்டும். 2019-இல் கனடாவில் 21 பெண்களிடம் நடந்த ஓராய்ச்சியில், தோலில் அக்கதிரைச் சிலமுறை படச்செய்தபோது, அதற்குமுன் வைட்டமின் டி மருந்து உட்கொள்ளாதிருந்தோரின் குடல்வாழ் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இது புதிய செய்தி; இன்னும் பல ஆராய்ச்சிகள் இதனை உறுதிசெய்தல் வேண்டும்.

இரவு எப்பொழுது பகலாயிற்று என்று ஆராய்வோமாயின், எம் பக்கத்திற்கு விடை அணுமையிலேயே கிடைக்கும். மேட்டூர் அணை 1934-இல் முடிவுற்றது. 1937-இல் அவ்வணையடியில் மின்னாற்றல் உண்டாக்கத் தொடங்கினர். அதனைத் தொடர்ந்து சேலம், ஈரோடு பக்கங்களில் விளக்கும் பொறியும் பரவின. பின்னாளிற் குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு எங்கணும் விசைத்தறி இரவெல்லாம் ஒலித்தது. நாமக்கல்லோ லாரிகட்கும் கோழிப்பண்ணைகட்கும் பெயர்பெற்றது. கோழிகள் குறையாது முட்டையிடுதற்பொருட்டு விளக்கொளியால் அவற்றின் பகலை நீட்டுவது அத்தொழிலில் வழக்கம். கோழிக்கு ஒளியின் அளவை மணிக்கணக்கில் வகுத்த யாம், லாரியோட்டிக்கும் தறிக்காரருக்கும் அதனை நினைத்துப் பார்த்தோமல்லேம்.

2021-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இத்தொழிலாளர்க்கு மிக வேண்டியது. 19 இளைஞரை இரவு வேலை செய்வார்போல் விழித்திருக்கச் செய்து, ஒரு சாராரை இரவிலும் பகலிலும் உண்பித்தனர். மறு சாராரைப் பகலில் மட்டும் உண்பித்தனர். முன்னையோர்க்குக் குருதியிற் சர்க்கரை 6.4 விழுக்காடு ஏறியது. பின்னையோர்க்கு அவ்வேற்றம் இல்லை. விழித்திருப்பது தவிர்க்கவியலாததாயினும், உண்ணும் வேளையைப் பகலோடு பொருத்தின் கேட்டின் ஒரு பகுதியேனும் குறையும் என்பது இதன் பயன்.

பொழுதை அறிவிப்பது ஒளி ஒன்றே என்றும் கொள்ளற்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகாரங்களை ஆராய்ந்த எம். கே. சந்திரசேகரன் என்பாரும் அவருடன் உழைத்தோரும், இருண்ட குகையில் கூண்டிலிட்ட வௌவால், வெளியே பறந்துசென்று மீளும் தன் இனத்தாரின் ஆரவாரத்தைக்கொண்டே பொழுதறிகின்றது என்று 1981-இல் வெளியிட்டனர். துணையற்ற குகையில் அதன் கடிகாரம் நாட்பொழுதினின்று விலகிச் சென்றது. குடும்பத்தார் அனைவரும் ஒரே வேளையில் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை நினைக்குந்தோறும் எமக்கு அவ்வௌவாலே நினைவிற்கு வருகின்றது.

ஈண்டு எம் பிழையையும் ஒளிக்காது கூறுவோம். மேற்கூறிய நூற்செய்திகளுட் பாதியைக் கற்ற உவகையால், "வேலைமுடிந்து வந்ததும் அரைமணி நேரம் காலை வெளிச்சத்தில் இருங்கள்" என்று தந்தையாருக்கு எழுதினோம். அவரும் மகன் கற்றவனென்று நம்பி ஒரு வாரம் அவ்வாறே செய்தார். விடுமுறைக்குச் சென்றபோது, "கண்ணு, நீ சொன்னபடியே உட்கார்ந்தேன், வயிறும் அடங்கவில்லை, வந்த தூக்கமும் போயிற்று" என்றார். நாணித் தலைகுனிந்தோம். இரவெல்லாம் விழித்து வந்தவருக்குக் காலையொளி "எழு" என்று முரசறையும். உறங்க முயல்பவருக்கு அது பகை. பகலில் உழைப்பார்க்கு அமுதாவது இரவில் உழைப்பார்க்கு இன்னல் தருகின்றது. அவர் செய்யத்தக்கது, வீடு திரும்பும் வழியிற் கருங்கண்ணாடி அணிந்து, சாளரத்தைத் துணியால் மறைத்து உறங்கி, எழுந்தபின் பிற்பகலொளியைக் காண்பதே.

அன்றாடப் பழக்கங்களுள் எம் பக்கத்தாரிடம் நல்லன பல இருந்தன. களியும் கம்பங்கூழும் தீட்டிய அரிசியினும் நார்மிக்கவை. மலச்சிக்கலுக்கு அவை இயற்கைப் பகை. பழையசோறு இரவில் நீரிற் கிடந்து, பாலைத் தயிராக்கும் இனத்து நுண்ணுயிர்களாற் புளிப்பது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அண்மையில் அதனைக் குடல்நோய் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டனர். முன் உண்டது அற்றபின் உண்க என்னும் கருத்தைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்துவதைத் தமிழ் மாணவர்க்கு யாம் நினைவூட்ட வேண்டுவதில்லை. இரவுணவிற்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுதலும், உண்டபின் சிறிது நடத்தலும், இரவு எட்டு மணிக்குமேல் வீட்டு விளக்கைக் குறைத்தலும் எவர்க்கும் எளியவை. பீடியும் வெறுவயிற்றுத் தேநீரும் விலக்கத்தக்கன. பீடி புண்ணை ஆறவிடாது.

காலையிற் குடல் அழைக்கும் அழைப்பை மறுத்தலாகாது என்று எழுதுங்கால் எம் அன்னையார் நினைவு எழுகின்றது. அவர் தறிப்பட்டறையிற் தார் சுற்றுபவர். அங்குப் பெண்கட்குக் கழிவறை இல்லை. ஆதலின் காலைமுதல் மாலைவரை அவரும் உடன் உழைக்கும் பெண்டிரும் நீரருந்துவதையே குறைத்துக்கொள்வர். அவர்களிடம் சென்று, "நீர் மிகுதியாகப் பருகுக, அழைப்பை அடக்கற்க" என்று உபதேசிப்பவர் முதலிற் பட்டறை உரிமையாளரிடம் சென்று பேசுதல் நலம். இரவு முறையை வாரந்தோறும் மாற்றாதிருக்குமாறு எம் தந்தையார் கேட்டதற்கும் இசைவு கிட்டவில்லை.

ஆகவே இயன்றதைச் செய்துவருகின்றோம். இரவு முறையின்போது தந்தையார் மாலை ஆறரை மணிக்கு வீட்டிலேயே களியும் கீரையும் நிறைய உண்டு செல்கின்றார். நள்ளிரவிற் புரோட்டா இல்லை. தூக்குவாளியில் நீர்மோர் கொண்டுபோகின்றார். அன்னையாரின் பழைய கருநிறச் சேலையொன்று சாளரத்தை மறைக்கின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு எழுந்து வேம்பினடியில் அமர்கின்றார். அங்கு அண்டைவீட்டாரும் வந்துவிடுவதால் ஒளியோடு ஊர்ச்செய்தியும் கிடைக்கின்றது. நெஞ்செரிச்சல் வாரத்தில் ஒருநாள் இருநாள் இன்னும் வருகின்றது. மலம் கறுக்கின்றதா என்று அன்னையார் மறவாது கேட்கின்றார். அச்செந்நிற விளக்கு எம் வீட்டுப் பரணில் உள்ளது. அதற்குத் தவணை இன்னும் இரண்டு செலுத்த வேண்டும்.